ஒரே கேரம் போர்டுக்கு இரண்டு முறை பாலிஷ்

இப்போது ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் விட்டால் நாலு ஓட்டம் ஓடி நிற்கிறது. ஒரு பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை போவது ஓர் ஓட்டம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும் என்பது போட்டி விதி. வேலையைத் தொடங்கும் முன் இந்தப் போர்டில் இரண்டைத் தாண்டவில்லை. முதல் முறை பாலிஷ் போட்டபின் இரண்டரை. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, ஆனால் ஆட லாயக்கில்லை. சுரண்டிவிட்டு இரண்டாம் முறை போட்டதுதான் இந்த நாலு. பழைய போர்டுக்குப் புது மேற்பரப்பு போட நினைப்பவர்கள் எங்கே வழுக்கி விழலாம் என்பதற்காக இந்தக் குறிப்பு.

போர்டு 12 மி.மீ. பிளைவுட். சட்டம் கருவேல மரம், 3 அங்குல அகலம். வெகுகாலம் மன்றத்தில் கிடந்தது. கோளாறுகள்: நடுவட்டத்தைச் சுற்றி வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிகிறது. ஒரு பக்கம் அடித்தால் "டப்" என்று செத்த ஓசை. மெதுவாகத் தட்டிய காய் நடுவை நோக்கி இழுபடுகிறது. டம்ளர் வைத்த வளையம் ஒன்று. இரண்டு வலை கிழிசல்.

அளந்து பார்த்தது

காய் இழுபட்டால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள், பலகை நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆடும் பரப்பு 74 செ.மீ. என்பதால் நீளமான ரூல்தடி குறுக்கே உள்ளே இறங்காது. மூலைவிட்டமாக வைத்தால் ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம் தாராளமாக உட்காரும். பின்னால் டார்ச் அடித்தால் இடைவெளி தெரியும். எவ்வளவு என்று அளக்க ஃபீலர் கேஜ் தேவையில்லை. 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. எத்தனை தாள் செருகினால் இறுகுகிறது என்று எண்ணினால் போதும். இந்தப் போர்டின் நடுவில் 12 தாள் போனது. அதாவது 1.2 மி.மீ. பள்ளம்.

காரணம் திருப்பிப் போட்டதும் தெரிந்துவிட்டது. மேலே வார்னிஷ், அடியில் பூச்சே இல்லாத பச்சை மரம். மழைக்கால ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் குடித்து நீண்டிருக்கிறது, அதனால் பலகை கீழ்நோக்கி வயிறு தள்ளிவிட்டது. அதோடு பலகையைத் தாங்க அடியில் குறுக்கே போகும் இரண்டு ரீப்பர் கட்டையில் ஒன்று பசை விட்டுப்போய்ப் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. செத்த ஓசையும் அதனால்தான்.

சுத்தம்

பலகையில் அப்பியிருப்பது போரிக் பவுடரும் கை எண்ணெயும் சேர்ந்த கசடு. ஈரத் துணியால் துடைத்தது முதல் தப்பு. போரிக் தண்ணீரில் கொஞ்சம் கரையும், காய்ந்ததும் வெள்ளைப் பொருக்காகத் திரும்ப வந்து உட்காரும். வார்னிஷ் போன இடத்தில் தண்ணீர் பட்டு மர நாரும் எழும்பிவிட்டது. சரியான வழி: உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சட்டமும் பலகையும் சேரும் இடுக்கை மழுங்கிய பிளேடால் கீறிவிட்டு, கடைசியில் டர்பன்டைன் நனைத்த பருத்தித் துணி. அந்த இடுக்கிலிருந்து மட்டும் இரண்டு ஸ்பூன் பவுடர் வந்தது. சட்டத்தை ஒட்டி நிற்கும் காய் அடித்தால் துள்ளுவதற்குப் பாதிக் காரணம் அங்கே இருந்தது.

அடிப்பக்கம்

பலகையின் வளைவை எடுக்க வெயிலில் வைத்தது இரண்டாவது தப்பு. ஒரே மத்தியானத்தில் சட்டத்தின் மூலைப் பொருத்து ஒன்று அரை நூல் அளவுக்கு வாய் பிளந்தது. தச்சுக் கணக்கில் அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீ. பசை ஊற்றி, நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் குச்சி செருகி முறுக்கி ஒரு நாள் விட வேண்டியிருந்தது. வெயில் வேண்டாம். நிழலில், அடிப்பக்கம் மேலே பார்க்க, மின்விசிறிக் காற்றில் ஐந்து நாள். 12 தாள் பள்ளம் 5 தாளுக்கு வந்தது.

மீதியை ரீப்பர் பார்த்துக்கொள்ளும். ஆடிய ரீப்பரைக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி, நடுப்பகுதியில் மட்டும் ரீப்பருக்கும் பலகைக்கும் இடையே கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு துண்டு வைத்து ஃபெவிகால் தடவி இறுக்கியது. அட்டை நடுவை மேலே தள்ளும். ரீப்பர் முழுக்கப் பசை போட வேண்டாம், பலகை ஈரத்துக்கு நீளவும் சுருங்கவும் இடம் வேண்டும். முனைகளில் ஸ்க்ரூ துளையை முட்டை வடிவமாக அகட்டிவிட்டால் நல்லது. ஸ்க்ரூ நீளத்தில் கவனம்: ரீப்பர் 20 மி.மீ., பலகை 12, மொத்தம் 32. ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவும் 32தான். தலை கொஞ்சம் உள்ளே இறங்கினால் முனை மேலே முளைக்கும். ஓர் அங்குல ஸ்க்ரூ போதும்.

பசை காய்ந்தபின் அடிப்பக்கம் முழுக்கச் சாண்டிங் சீலர் (மரத் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) இரண்டு பூச்சு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே எத்தனை பூச்சு போட்டாலும் கீழே பச்சையாக விட்டால் அடுத்த ஐப்பசியில் பள்ளம் திரும்ப வரும். மறுபடி அளந்தபோது நடுவில் ஒரு தாள் இறுக்கமாகப் போனது, இரண்டாவது தாள் போகவில்லை.

சுரண்டல்

பழைய வார்னிஷ் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகை, தின்னரில் கரைவது. தின்னர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் கூழாகிவிடும், இரும்புச் சுரண்டியால் மர இழைப் போக்கிலேயே இழுத்து எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. கோடுகள் எல்லாம் கூடவே போய்விடும் என்பதால் முன்பே டிரேசிங் தாளில் படி எடுத்தாயிற்று. (பின்னால் அது உதவவில்லை. பழைய கோடுகளே மூன்று மி.மீ. வரை தப்பாக இருந்தன.)

அடுத்து உப்புத்தாள்: 150, 220, 320 (எண் கூடக்கூட நைசு). மரக்கட்டையில் சுற்றிக் கையால் தேய்க்க வேண்டிய இடத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று சாண்டர் மிஷினை வைத்ததன் விலை இன்னும் போர்டில் தெரிகிறது. பிளைவுட்டின் முகத் தோல் அரை மி.மீ. கூட இருக்காது. மிஷினின் மெத்தைத் தட்டு ஒரு பக்கக் கோட்டருகே பத்து வினாடி கூடுதலாக நின்றது, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கீழ் அடுக்கின் கருத்த மரம் எட்டிப்பார்த்தது. இதற்கு மருந்து கிடையாது. பட்டி வைத்தால் அந்த இடம் மட்டும் வழுக்கும். அப்படியே விட்டு மேலே சீலர் பூசியதே சரி. மட்டம் கெடவில்லையானால் காய்க்குக் கறை தெரியாது.

பாக்கெட் விளிம்பில் நார் பிரிந்திருந்தால் ஃபெவிகுவிக் இரண்டு சொட்டு உறிஞ்ச விட்டு, காய்ந்ததும் 42 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே திருகினால் வட்டம் கெடாமல் வழவழப்பாகும். பாக்கெட் விட்டம் 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13. இடையே இருப்பது மூன்று மி.மீ. சொச்சம். அதனால் பாக்கெட்டை ஆசைக்கு அகட்டிவிடக் கூடாது, ஆட்டமே மாறிவிடும்.

முதல் முறை: தோற்றது

சீலர் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம், 320 தாளால் லேசான தேய்ப்பு. இதில் பிசகில்லை.

கோடுகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, கறுப்பு எனாமல் அடித்தது. டேப் ஓரத்தில் பெயின்ட் கசிந்து கோடு கம்பளிப்பூச்சி மாதிரி முடி வைத்தது. டேப் ஒட்டியதும் விளிம்பில் நிறமில்லாத சீலரை ஒரு முறை தடவி அடைத்துவிட்டுப் பிறகு கறுப்பு அடித்தால் கசிவு நிற்கும். இரண்டாவது பக்கத்தில் அப்படிச் செய்து கசிவை நிறுத்தியாயிற்று. ஆனால் எனாமலின் தடிமன் என்ற பெரிய கோளாறு அப்படியே இருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் கோட்டில் தட்டுகிறது. நகம் தட்டும் இடத்தில் காயும் தட்டும். வேகமாக வரும் காய் தாண்டிவிடும். மெல்ல உருண்டு வந்து பாக்கெட் வாயில் விழ வேண்டிய காய், பேஸ் லைனில் (ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் கோடு) ஏறி நின்றுகொள்ளும். இதற்கு முன் துண்டுப் பலகையில் பெர்மனென்ட் மார்க்கரும் போட்டுப் பார்த்தோம். மேலே லேக்கர் (தின்னரில் கரைந்த நிறமில்லாத மேல்பூச்சு) பட்ட நொடியில் மை கரைந்து புகை மாதிரி ஓடியது. துண்டுப் பலகை இல்லாமல் எதையும் போர்டில் நேரடியாகச் சோதிக்காதீர்கள்.

மேல் பூச்சுக்கு இரண்டு பாகம் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கிளாஸ், பிரஷ்ஷால் தடிமனாக இரண்டு பூச்சு. "ஸ்ட்ராங்காக இருக்கும்" என்ற கடைக்காரர் சொல்லும் உண்மைதான், சாப்பாட்டு மேஜைக்கு. மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாமல் அலையடித்தது. பத்தாததற்கு மூன்றாம் நாளே பவுடர் தூவி ஆடிப்பார்த்தாயிற்று. தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்ளே வரை இறுகுவது வேறு. இறுகாத படலத்தில் போரிக் துகள்கள் புதைந்து, கையால் தடவினால் 600 உப்புத்தாளைத் தடவுவது போல இருந்தது. துடைத்தாலும் போகவில்லை. இரண்டரை ஓட்டத்துக்கு இதுதான் விளக்கம்.

மேலேயே தேய்த்துச் சரிசெய்ய முயன்று ஒரு நாள் வீண். பி.யு.வைத் தேய்த்து இறங்கும்போது மேடாக நின்ற கோடுகள்தாம் முதலில் போயின. பாதி பி.யு. மேல் என்.சி. லேக்கர் அடிக்கலாமா என்றால், துண்டுப் பலகையில் தோல் சுருங்கி உரிந்தது. ஆக, திரும்பச் சீலர் மட்டம் வரைக்கும் சுரண்டல். இம்முறை கையால் மட்டும்.

இரண்டாம் முறை

கோட்டுக்குப் போஸ்டர் கலரும் ரூலிங் பென்னும் (இரண்டு அலகுள்ள, கோடு இழுக்கும் பேனா). போஸ்டர் கலரின் பசை கோந்து வகை, தின்னரில் கரையாது. தண்ணீர் கலந்து மோர்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, பென்னின் இரு அலகுக்கு நடுவே பிரஷ்ஷால் சொட்டுவிட்டு, ஸ்டீல் ஸ்கேலின் அடியில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி உயர்த்திக்கொண்டு இழுக்க வேண்டும். ஸ்கேல் நேரே பலகையில் படிந்திருந்தால் நிறம் அடியில் ஓடிவிடும். சீலர் வழவழப்பில் நிறம் முத்து முத்தாகத் திரளும், அதனால் முன்பே 400 தாளால் பரப்பை மங்கலாக்கிவிட வேண்டும். தப்பு வந்தால் ஈரப்பஞ்சால் துடைத்துத் திரும்பப் போடலாம். எனாமலில் இந்த வசதி கிடையாது.

அளவுகளைச் சட்டத்திலிருந்து எடுக்காமல் நடுப்புள்ளியிலிருந்து எடுத்தது நல்ல முடிவு. இந்தப் போர்டு ஒரு பக்கம் 73.8, மறு பக்கம் 73.6 செ.மீ. விதி 73.5 முதல் 74 வரை அனுமதிக்கிறது. மூலைக்கு மூலை நூல் கட்டினால் நடுப்புள்ளி கிடைக்கும். நடுவட்டம் 3.18 செ.மீ. விட்டம், சிவப்பு. வெளிவட்டம் 17 செ.மீ. பேஸ் லைனில் தடித்த கோடு சட்டத்திலிருந்து 10.15 செ.மீ. தள்ளி, 5 முதல் 6.5 மி.மீ. தடிமன். அதற்கு 3.18 செ.மீ. மேலே மெல்லிய கோடு. நீளம் 47 செ.மீ. இரு முனையிலும் 3.18 விட்ட வட்டம், உள்ளே 2.54 சிவப்பு. மூலையில் பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு இடைவெளி 1.27. அம்பு அந்த இடைவெளியில் 45 டிகிரியில் எதையும் தொடாமல் போக வேண்டும், பாக்கெட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்கி 26.70க்கு மிகாமல். இவை சர்வதேச கேரம் சம்மேளன விதியிலுள்ள அளவுகள். அந்தச் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் விற்கும் சின்னப் போர்டுகளில் இந்த அளவுகள் கண்ணுக்குக் கூடத் தென்படுவதில்லை.

வரிசை முக்கியம்: மூலைவிட்டம், அம்பு, எட்டு வட்டம், கடைசியில் கோடு. கோட்டை முதலில் போட்டுவிட்டு வட்டத்தைப் பொருத்தப் போனால் ஏதோ ஒரு மூலையில் அம்பு வட்டத்தை உரசும். வட்டத்துக்குக் காம்பஸ் ஊசி பலகையைக் குத்தாமல் இருக்க, நடுவில் எக்ஸ்ரே ஃபிலிம் துண்டு ஒட்டிக்கொள்ளலாம். எல்லாம் முடிய நாலு மணி நேரம் ஆகிறது.

போஸ்டர் கலரின் மேல் துணியோ பிரஷ்ஷோ பட்டால் தூளாக உரியும். அதனால் முதல் இரண்டு பூச்சு மட்டும் கிளியர் லேக்கர் ஸ்ப்ரே டப்பாவிலிருந்து, ஓர் அடி தூரத்தில், பனி விழுவது போல. நிறம் லேக்கரைக் குடித்துக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு என்.சி. கிளியர் லேக்கரும் தின்னரும் சரிபாதி கலந்து, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்த துணிப்பந்தால் நான்கு பூச்சு. பந்தை நனைத்துப் பிழிந்து, கை வைத்ததும் நகர ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு நொடி நின்றாலும் கீழ்ப் பூச்சு கிளம்பி வரும். பந்து இழுபடுவது போலத் தோன்றினால் பூச்சை அத்தோடு நிறுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள்.

மூன்றாம் பூச்சு மழை மேகத்தோடு சாயங்காலம் போட்டதில் பலகை முழுக்கப் பால் சிந்தியது போல வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பதற வேண்டியதில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு வெறும் தின்னர் லேசாக நனைத்த பந்தால் ஒரே ஒரு முறை வருடியதும் வெண்மை போய்விட்டது. மழைக்காலத்தில் இந்த வேலையைக் காலை பத்து முதல் மூன்று மணிக்குள் முடிப்பது நல்லது.

அதன்பின் பத்து நாள் தொடவில்லை. பதினோராம் நாள் 1000 வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி உலர்வாக, அப்புறம் 1500 தாளில் டர்பன்டைன் சில சொட்டு விட்டு. பளபளப்பு செத்து, பட்டுத்துணி மாதிரி மங்கலான மினுமினுப்பு வரும். அதுதான் வேண்டும். பவுடர் துகள் நிற்பதற்கு அந்தச் சின்னச் சொரசொரப்பு தேவை. கண்ணாடிப் பரப்பில் பவுடர் நிற்காமல் ஓடி ஓரத்தில் சேர்ந்துகொள்ளும், காய் வெறும் பலகையில் உரசும். மெழுகு போடலாமே என்பார்கள். போட்டால் பவுடர் திரள் திரளாக ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

பவுடர் போரிக் மட்டும். முகப்பவுடர் ஈரத்தில் பசையாகும். மல்துணியில் சலித்து அரை டீஸ்பூன் போதும். கட்டி கட்டியாக இருந்தால் வெயிலில் காயவைக்கலாம், சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். வாய்க்குப் போகக் கூடாத சரக்கு.

காய்களையும் நகைத் தராசில் நிறுத்துப் பார்த்தாயிற்று. 5 முதல் 5.5 கிராம் இருக்க வேண்டும். பத்தொன்பதில் இரண்டு கறுப்பு 4.7. அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்த 400 தாளில் எட்டு வடிவமாகப் பத்துச் சுற்று தேய்த்தது. விளிம்பில் முளைத்த பிசிறு போனதும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரிந்தது. வேலை முடியும்வரை ஸ்ட்ரைக்கரை மாற்றவில்லை, மாற்றினால் ஓட்டக் கணக்கை ஒப்பிட முடியாது.

செலவு

உப்புத்தாள் எல்லா எண்ணும் சேர்த்து 260 ரூபாய், சீலர் அரை லிட்டர் 240, கிளியர் லேக்கர் ஒரு லிட்டர் 480, தின்னர் மூன்று லிட்டர் 540, ஸ்ப்ரே டப்பா 280, போஸ்டர் கலர் இரண்டு 70, ரூலிங் பென் 150, வலை நான்கு 120, பசை, ஸ்க்ரூ, டேப் 235. மொத்தம் 2,375. வீணான பி.யு. 650 தனி. தின்னரில் ஒன்றரை லிட்டரும் முதல் தோல்வியைச் சுரண்டவே போனது. லேக்கர் பாதிக்கு மேல் மிச்சம், இன்னொரு போர்டுக்கு வரும். இந்தத் தடிமனில் புதுப் போர்டு இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் 4 மி.மீ. பலகை போட்ட வீட்டுப் போர்டுக்கு இவ்வளவு பாடு தகாது. அதற்கு 320 தாளால் மங்கலாக்கி, கோட்டின் மேலேயே லேக்கர் இரண்டு பூச்சு போட்டு விட்டுவிடலாம்.

அடுத்த போர்டில் மாற்றப்போவது: சாண்டர் மிஷின் அறையிலேயே இருக்காது. தடித்த பேஸ் லைனுக்கு இரண்டு ஓரத்தையும் பென்னால் இழுத்து நடுவைப் பிரஷ்ஷால் நிரப்பியதில் நடு கொஞ்சம் தடித்துவிட்டது, பென்னாலேயே நாலைந்து கோடு அடுத்தடுத்து இழுத்து நிரப்ப வேண்டும். சட்டத்தின் உள்முகத்தை இந்த முறை தொடவில்லை. ஸ்ட்ரைக்கர் பட்டுப் பட்டு ஒரு பக்கம் மெல்லிய காடி விழுந்திருக்கிறது, அங்கே ரீபவுண்ட் கோணம் கொஞ்சம் தாழ்வாக வருகிறது. அதை இழைப்புளியால் சீவினால் ஆடும் பரப்பு அகன்று 74ஐத் தாண்டலாம், மூலை மட்டமும் போகும். இப்போதைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர் கணக்குப் போட்டு அடிக்கிறார்.

போர்டைச் சுவரில் சாய்த்து வைக்கையில் தரையில் படும் சட்டத்துக்குக் கீழே இரண்டு ரப்பர் துண்டு. ஆடும் முன் மேலே தொங்கும் விளக்கை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுவது பழைய வழக்கம், குண்டு பல்பு இருந்தவரை ஈரத்துக்கு அது நல்ல மருந்து. எல்.இ.டி. மாட்டிய இடத்தில் அந்தச் சூடு கிடைக்காது. ஒரு மழைக்காலம் தாண்டியபின் அளந்ததில் நடுவில் மூன்று தாள் போகிறது. பத்திரிகை அட்டை இன்னும் ஒன்று வைத்திருக்கலாம்.